முழங்காலுக்குக் கீழே பார்க்கவில்லை

58 வயதுப் பெண்மணி. வலது கணுக்காலில் எலும்பு விரிசல், நான்கு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் வீக்கம் வடியவில்லை. கட்டுப் போட்ட கால் கொஞ்ச நாளைக்கு வீங்கித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் ஐந்தாம் நாள் கெண்டைச்சதையைத் தொட்டாலே வலித்தது. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. மருத்துவமனைக்குப் போனார், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஒன்பது நாள் கழித்து அதே காலோடு அவர் என் ஸ்கேன் அறையில் படுத்திருந்தபோது கட்டி தொடையில் பாதி வரை ஏறியிருந்தது.

முதல் ஸ்கேன் எடுத்தவர் தப்பு செய்துவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த அம்மாவின் மகனுக்கும் தோன்றியது, கோபமாகவே வந்தார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எழுதியிருந்ததும் சரி, எடுத்த விதமும் சரி. அப்படியானால் எங்கே நழுவியது? ரத்தநாள அல்ட்ராசவுண்ட் எடுப்பதே என் வேலை என்பதால் இந்த ஒரு காலை முன்வைத்து அதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே.

"நரம்பு ஸ்கேன்"

அறைக்குள் வந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை: "நரம்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க தம்பி."

இது எனக்குப் பழகிப்போன வாக்கியம். நம் பேச்சில் மூளையிலிருந்து சேதி கொண்டுபோவதும் நரம்பு, புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் நரம்பு, ஊசி போடுவதும் நரம்பில்தான். இந்த ஸ்கேன் பார்ப்பது ரத்தக்குழாய்களை மட்டும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை. காலில் எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு என்று வந்து, "ஸ்கேன்ல நரம்பு நல்லா இருக்குன்னு வந்துடுச்சே, அப்புறம் ஏன் எரியுது?" என்று குழம்பித் திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நரம்பை நான் பார்க்கவே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சீட்டில் 'கால் டாப்ளர்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரே படுக்கை, ஒரே மெஷின் என்றாலும் அதில் மூன்று தனித்தனிச் சோதனைகள் அடங்கும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, பாதப்புண் ஆறவில்லை என்றால் தமனியைப் பார்க்க வேண்டும். அப்போது கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். 1.4-ஐத் தாண்டினால் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போய் அழுத்தக் கணக்கையே ஏமாற்றும்; அவர்களுக்குக் கால் பெருவிரலில் அளக்க வேண்டும். சுருண்டு புடைத்த சிரைகளுக்கு, அதாவது வெரிகோஸ் வெயினுக்கு, நிற்க வைத்துப் பார்ப்போம். கெண்டைச்சதையைப் பிழிந்துவிட்டால் மேலே போன ரத்தம் சிரைக்குள் இருக்கும் வால்வைத் தாண்டிக் கீழே வழிகிறதா என்று பார்ப்பது அது. மேல்தோலுக்கு அடுத்திருக்கும் சிரைகளில் அந்த வழிசல் அரை நொடியைத் தாண்டினால் வால்வு பழுது. நெடுநேரம் நிற்பதில் சிலருக்குத் தலை சுற்றும், முன்பே சொல்லிவிடுங்கள். மூன்றாவது, ஆழத்தில் இருக்கும் சிரைகளில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த அம்மாவுக்கு எழுதியிருந்தது அதுதான். ஒன்றில் 'நார்மல்' என்று வந்தால் மற்ற இரண்டுக்கும் அது பதில் ஆகாது.

முதல் ரிப்போர்ட்டின் கடைசி வரி

மகன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ரிப்போர்ட்டின் 'முடிவு' பகுதியில் தடித்த எழுத்தில் இருந்த ஒரே ஒரு வரி: தொடையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஆழ்சிரைகளில் ரத்தக்கட்டி இல்லை. அதை மட்டும் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். நிம்மதிச் செய்தி இல்லையா? முழுக் காகிதமும் பையில் இருந்தது. தடித்த வரிக்குக் கீழே, சாதாரண எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள். கெண்டைக்கால் சிரைகள் பரிசோதிக்கப்படவில்லை. ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்யவும்.

இங்கேதான் நோயாளிகள் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. காலில் கட்டியைத் தேடுவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகள் இரண்டு. ஒன்று, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலையும் ஒரே தடவையில் பார்த்துவிடுவது. இன்னொன்று, முழங்கால் மடிப்பு வரை மட்டும் பார்த்து, சந்தேகம் தீராதவர்களை ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது. இரண்டாவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. கெண்டைக்கால் சிரைகள் மெலிசானவை, ஜோடி ஜோடியாகத் தசைக்குள் ஒளிந்திருப்பவை, வீங்கிய காலில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதோடு அங்கேயே நிற்கும் சின்னக் கட்டிகள் பலவும் தாமாகவே மறைந்துவிடும். ஆபத்து மேலே ஏறுகிற சிலவற்றால்தான், அவை பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஏறுவது பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள். அதனால்தான் அந்த ஒரு வாரக் கணக்கு.

ஆக அவருக்கு எடுத்தது அரை ஸ்கேன். மீதி அரை, ஏழாம் நாள் அதையே மறுபடி எடுத்துப் பார்ப்பது என்று திட்டம். திட்டத்தின் பாதி காகிதத்தின் அடியில் தங்கிவிட்டது. யாராவது ஒரு நிமிடம் நின்று, "அம்மா, இன்னும் முடியல, அடுத்த வாரம் கட்டாயம் வாங்க" என்று வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னார்களா, கூட்டத்தில் காதில் விழவில்லையா, இன்றுவரை தெரியாது.

ரத்தத்தில் டி-டைமர் என்ற பரிசோதனையும் செய்திருந்தார்கள். அது கூடுதலாக இருந்தது. இதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். உடம்பில் எங்காவது கட்டி கரைந்துகொண்டிருந்தால் இந்த அளவு ஏறும். எலும்பு முறிந்து ஆறும்போதும், தொற்றுநோயிலும், கர்ப்பத்திலும், வயது ஏற ஏறவும்கூட ஏறும். சந்தேகம் குறைவாக இருக்கும் ஒருவருக்கு டி-டைமரும் குறைவு என்றால் கட்டி இல்லை என்று விட்டுவிடலாம். கூடுதல் என்றால் கட்டி இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் மாவுக்கட்டு போட்ட, வீங்கிய, அமுக்கினால் வலிக்கிற காலில் கூடுதல் என்றால் ஏழாம் நாள் ஸ்கேனைத் தவறவிடக் கூடாது.

என் அறையில்

அந்த அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். ரத்த அழுத்த மாத்திரையையும் போடவில்லை. ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கால், கை, கழுத்துச் சோதனைகளுக்குப் பட்டினி தேவையே இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் நாளங்களுக்குத்தான், அதாவது பெருந்தமனிக்கும் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் தமனிகளுக்குத்தான், ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வோம்; குடலில் காற்று இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். தமனிச் சோதனைக்கு வருகிறவர்கள் அதற்கு முன் புகைபிடிக்காமல் இருக்க வேண்டும், நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்கிவிடும். அவ்வளவுதான் ஆயத்தம்.

உடை மட்டும் முக்கியம். சோதனை தொடங்குவது தொடை இடுக்கிலிருந்து. இதை முன்பே யாரும் சொல்லாததால் பல பெண்கள் படுக்கையில் திடுக்கிட்டுப் போகிறார்கள். இடுப்பு வரை தளர்த்திக்கொள்ள வசதியான உடுப்பு நல்லது. மேலே துணி போர்த்தச் சொல்லிக் கேட்கலாம், கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, அது உங்கள் உரிமை. அன்று செவிலியர் ஒருவரை உள்ளே அழைத்துக்கொண்டேன்.

படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலை லேசாக மடித்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்தேன். கால் தாழ்ந்திருந்தால் சிரைகள் நிரம்பி நன்றாகத் தெரியும். ஜெல் தடவினேன், குளிர்ச்சிக்கு முகம் சுளித்தார். காலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே காகிதக் கனத்துக்குக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அதற்குத்தான் அந்த வழவழப்பு.

திரையில் இரண்டு கருப்பு வட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. ஒன்று துடிக்கும், அது தமனி. பக்கத்தில் இருப்பது சிரை. புரோப்பால் அமுக்கினேன். சிரை வட்டம் நீள்வட்டமாகி, கோடாகி, மறைந்தது. இமை மூடுவது போலத்தான் இருக்கும். கையைத் தளர்த்தினால் திறந்துகொள்ளும். தமனி அசைந்து கொடுக்காது, அதன் சுவர் தடிப்பு. இந்தச் சோதனையின் உயிர்நாடியே இதுதான். கலர் வருகிறது, சத்தம் வருகிறது என்பதெல்லாம் துணைக்குத்தான். மூடுகிற சிரையில் கட்டி இல்லை. மூடாத சிரைக்குள் ஏதோ இருக்கிறது.

ஒரு விரற்கடைக்கு ஒரு முறை என்று அமுக்கிக்கொண்டே கீழே இறங்குவோம். வீங்கிய காலில் இது வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும் ஆட்கள்தான் அதிகம். பொறுக்க வேண்டாம், எங்கே வலிக்கிறது என்று சொல்லுங்கள். வலிக்கும் இடம் எனக்கு ஒரு துப்பு.

தொடை நடுவில் வட்டம் மூடவில்லை. மறுபடி லேசாக அமுக்கினேன். மூடவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் மென்மையாக ஏதோ நிரம்பியிருந்தது, சிரையே உப்பித் தமனியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. புதுக் கட்டியின் அடையாளங்கள் அவை. இந்த இடத்தில் நாங்கள் அமுக்குவதை நிறுத்திவிடுவோம். அமுக்கினால் கட்டி பெயர்ந்து போகாதா என்று பலரும் கேட்பார்கள். மிக மிக அரிது; இருந்தாலும் கட்டியைக் கண்ட பிறகு அதே இடத்தை அழுத்திப் பார்க்க அவசியம் இல்லை, கெண்டைச்சதையைப் பிழிவதும் இல்லை. அதற்கு மேலே எதுவரை போயிருக்கிறது என்று கலரில் பார்த்தால் போதும். முழங்கால் பின்சிரை முழுக்க அடைப்பு, தொடைச் சிரை பாதி வரை அடைப்பு. தொடை இடுக்கில் திறந்தே இருந்தது. மூச்சை இழுத்து விடச் சொன்னபோது ஓட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கியது. வயிற்றுக்குள் இருக்கும் சிரைகளை நேராகப் பார்ப்பது கடினம். கீழிருந்தபடி இந்த மூச்சு அசைவை வைத்துத்தான், மேலே பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பில்லை என்று ஊகிக்கிறோம்.

நீலமும் சிவப்பும் திரையில் வந்ததும் மகன் கேட்டார்: "நீலம் கெட்ட ரத்தமா சார்?" இல்லை. புரோப்பை நோக்கி வருவதற்கு ஒரு நிறம், விலகிப் போவதற்கு ஒரு நிறம், அவ்வளவுதான். புரோப்பைத் திருப்பிப் பிடித்தால் நிறமும் மாறிவிடும். கூடவே கேட்கும் 'உஷ் உஷ்' சத்தம் உங்கள் ரத்தத்தின் சொந்தக் குரலும் இல்லை. அனுப்பும் ஒலி மனிதக் காதுக்கு எட்டாத, நொடிக்கு லட்சக்கணக்கான அதிர்வுகள் கொண்டது; ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதில் ஏற்படும் சின்ன வேறுபாடு தற்செயலாக நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. இந்தச் சோதனைக்குப் பெயர் தந்த இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் இந்த வேறுபாட்டைப் பற்றி எழுதியபோது ரத்தம் அவர் நினைப்பிலேயே இல்லை, இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்கப் பார்த்தார்.

என் கை நின்றதை அந்த அம்மா கவனித்துவிட்டார். "என்ன தம்பி, நிறுத்திட்ட?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் எப்போதும் இருந்ததில்லை. ஸ்கேன் எடுப்பவர் பெரும்பாலும் முடிவு சொல்ல அனுமதி இல்லாதவர். படங்களைப் பார்த்து எழுதுவது டாக்டர். நாங்கள் வாய் திறக்காததை நோயாளிகள் இரண்டு விதமாகவும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சிரித்துப் பேசினால் நார்மல் என்றும், பேசாவிட்டால் பயங்கரம் என்றும். முகத்தைப் படிக்காதீர்கள், எனக்கு அன்று தலைவலியாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "வீட்டுக்குப் போகாதீங்க, இங்கேயே இருங்க" என்று சொன்னால் அதை மதித்து இருங்கள்.

அவரிடமும் அதைத்தான் சொன்னேன். "டாக்டர் இப்பவே பார்ப்பாரும்மா. நீங்க எழுந்திரிக்க வேண்டாம். மூச்சு ஏதாவது வாங்குதா?"

"மாடிப்படி ஏறினா கொஞ்சம். வயசாச்சுல்ல."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலைந்து நாளாக. அதை டாக்டருக்குப் போன் செய்து தனியாகச் சொன்னேன், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. கால் ஸ்கேனில் நுரையீரல் தெரியாது. சிடி ஸ்கேனில்தான் தெரிந்தது: வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சின்னக் கட்டிகள் போய்ச் சேர்ந்திருந்தன. கால் வீக்கத்தோடு திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, ஸ்கேன் முன்பதிவு தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாவின் நல்ல காலம், ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சீராக இருந்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை அன்றே தொடங்கினார்கள். மாவுக்கட்டு என்ற காரணம் தெளிவாக இருந்ததால் மூன்று மாதம் போதும் என்றார் டாக்டர்.

"கரைஞ்சிடுச்சா?"

மூன்று மாதம் கழித்து வந்தார். கால் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. படுத்ததும் கேட்டது இதைத்தான்: கரைஞ்சிடுச்சா?

அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளராமல், புதிதாக உண்டாகாமல் தடுக்கிறது. கரைப்பது உடம்பின் வேலை, அது தன் போக்கில் செய்யும். சிலருக்குச் சுத்தமாகப் போய்விடும். பலருக்குச் சிரைச் சுவரில் தழும்பாக ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்கும். இவருக்குத் தொடைச் சிரை ஏறக்குறைய முழுதாக மூடியது. முழங்கால் பின்சிரை மூடவில்லை. அழுத்திப் பிடித்தபோதும் 3 மில்லிமீட்டர் கனம் மிச்சம் நின்றது, சுவரோரம் வெளிறிய தடிப்பு. நிற்க வைத்துப் பார்த்ததில் அங்கே வால்வும் ஒரு நொடிக்கு மேல் வழிந்தது. மாலையில் கால் கனப்பதற்குக் காரணம் அதுதான்.

மகனுக்கு இது எரிச்சல். மாத்திரையை நிறுத்தும் நேரத்தில் இன்னொரு ஸ்கேன் எதற்கு, முடிவு எதுவும் மாறப்போவதில்லையே என்றார். உண்மைதான், அன்றைய முடிவு எதுவும் மாறவில்லை. இந்த ஸ்கேன் வேறொரு நாளைக்காக எடுப்பது. ரிப்போர்ட்டில் அந்த 3 மில்லிமீட்டரைக் காட்டி, "இந்தப் பக்கத்தைத் தொலைச்சுடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். என் கருத்தில், சிகிச்சை முடியும்போது எடுக்கும் இந்த அடிப்படை ஸ்கேனைக் கேட்டு வாங்க வேண்டியது நோயாளிதான். எல்லா டாக்டர்களும் எழுதுவதில்லை. எழுதாவிட்டால் தேவையா என்றாவது கேட்கலாம்.

வேறொரு நாள் 14 மாதம் கழித்து வந்தது. இரவில் அதே கெண்டைக்காலில் சுருக்கென்று வலி, காலையில் வீக்கம். போன இடத்தில் அவசரமாக ஸ்கேன் எடுத்து, முழங்கால் பின்சிரை மூடவில்லை, ரத்தக்கட்டி என்று எழுதினார்கள். இரண்டாம் தடவை என்றால் மருந்து பெரும்பாலும் காலவரையின்றிப் போகும். ஆயுள் முழுக்க மாத்திரை, ஆயுள் முழுக்க ரத்தக்கசிவு பயம். அப்போது மகன் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய பக்கத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். அதே இடத்தில் மறுபடி அளந்தார்கள். அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர். பழைய அளவைவிட 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் புதுக் கட்டி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே கூடவே இல்லை. கொஞ்சம் உள்பக்கமாகப் புரோப்பை நகர்த்தியபோது முழங்கால் மடிப்பிலிருந்து தசைகளுக்கு நடுவே இறங்கிய ஒரு நீர்ப்பை தெரிந்திருக்கிறது. பேக்கர் நீர்க்கட்டி என்பார்கள், மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கி உண்டாவது. அது கசிந்து கெண்டைச்சதைக்குள் இறங்கினால் ரத்தக்கட்டி போலவே வலிக்கும், வீங்கும். டி-டைமரும் குறைவாகவே இருந்தது. டாக்டர் மாத்திரையைத் தொடங்கவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிடலாம் என்றார்.

சரியாக ஏழாம் நாள் காலையில் என் அறை வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு, தளர்வான உடுப்போடு. மடியில் நான்கு ரிப்போர்ட்டுகள், தேதி வரிசையில். படுத்ததும் ஜெல் பாட்டிலை நான் எடுப்பதற்கு முன்பே கேட்டார்:

"இன்னிக்கு முழங்காலுக்குக் கீழேயும் பார்ப்ப இல்ல தம்பி?"